லிம்போமாக் கட்டிக்குள் நிர்ப்பீடனக் கலங்கள் எப்படி வழி கண்டு போகின்றன?

போன வருடம் ஆவணி மாதத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு மாமியின் மகனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. நோவில்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை. கார்த்திகை பிறந்தும் வற்றாததால் வைத்தியர்கள் அதை வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற புற்றுநோய் என்று முடிவு வந்தது. அதன் பிறகு அந்த வீட்டு விறாந்தைக்கு வந்தவர்கள் ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் பப்பாசி இலைச் சாறு, இன்னொருவர் முருங்கையிலை, வேறொருவர் போத்தலில் அடைத்த ஏதோ பச்சைத் தூள். கொண்டுவந்த பொருள் வேறு வேறாக இருந்தாலும் சொன்ன வசனம் ஒன்றுதான்: "நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் இது வந்தது. அதைக் கூட்டிவிட்டால் கட்டி தானாகக் கரைந்துவிடும்."

நான் பல வருடம் ஆய்வுகூடத்தில் இழையத் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றிய ஆள். அதனால் மாமி என்னிடம் கேட்டார்: "தம்பி, வீட்டில் ஆள் இல்லாவிட்டால்தானே கள்ளன் புகுவான்? இவனுக்கு உள்ளே ஆள் குறைந்துபோய்விட்டதா?"

கேள்வி நியாயமானது. பதில்தான் எதிர்பாராதது. அந்தக் கட்டியை மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் வீடு நிறைய ஆட்கள் தெரிவார்கள். கள்ளன் நூற்றுக்கு ஒருவன். மற்றவர்கள் எல்லோரும் காவலுக்கு வந்தவர்கள். அவர்கள் எந்த வழியால் வந்தார்கள், யார் கூப்பிட்டு வந்தார்கள், வந்தும் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்பதை விறாந்தையில் நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெறி கட்டுவது என்றால் என்ன?

காலில் முள் குத்திப் புண்ணானால் இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் பாதத்தில், வீக்கம் இடுக்கில். நம் பாட்டிமாருக்கும் இந்தத் தொடர்பு தெரியும். அங்கே வீங்குவது நிணநீர்க்கணு. சாதாரண நாளில் அவரை விதை அளவில், கைக்குத் தட்டுப்படாமல் இருக்கும். உடம்பில் இப்படி ஐந்நூறுக்கு மேற்பட்ட கணுக்கள் உண்டு. கழுத்திலும் அக்குளிலும் இடுக்கிலும் கூட்டமாக இருக்கின்றன. வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இருப்பவை வெளியே தெரிவதில்லை.

மயிர்க்குழாய்களிலிருந்து கசியும் நீர் இழையங்களை நனைத்துவிட்டுத் தனிக் குழாய்களில் சேர்ந்து ஓடுகிறது. அதுதான் நிணநீர். போகிற வழியில் கணு கணுவாகப் புகுந்து வடிகட்டப்பட்டு, கடைசியில் கழுத்தடியில் உள்ள பெரிய நாளங்களில் விழுந்து மீண்டும் குருதியோடு கலக்கிறது. முள் கொண்டுவந்த கிருமியின் துணுக்குகளும் இந்த நீரோடுதான் இடுக்கிலுள்ள கணுவுக்கு வந்து சேர்கின்றன.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. உயிரின் மிகச் சிறிய அலகை நம் பாடநூல்கள் கலம் என்கின்றன. தமிழ்நாட்டில் செல் என்பார்கள். உடலைக் காக்கும் ஏற்பாடு முழுவதற்கும் நிர்ப்பீடனம் என்று பெயர். பத்திரிகைகள் நோய் எதிர்ப்புச் சக்தி என்று எழுதுகின்றன. 'சக்தி' என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். சக்தி என்றதும் மண்ணெண்ணெய் போலக் கூட்டலாம், குறைக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் இது. ஆகவே பாடநூல் சொற்களையே கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறேன்.

கணுவுக்குள் நெருக்கியடித்து இருப்பவை நிணநீர்க்குழியங்கள். இவை வெண்குழியங்களில் ஒரு வகை. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் நூறுக்கு மேல் வரிசையாக நிற்கக்கூடிய அளவு சிறியவை. இவற்றில் இரண்டு பெரும் பிரிவுகள் இக்கட்டுரைக்குப் போதும். பி-கலங்கள் பிறபொருளெதிரிகளைச் செய்கின்றன. கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் அவை. ரி-கலங்களில் சில கெட்டுப்போன கலத்தை நேரடியாகக் கொல்கின்றன, சில மற்றவற்றுக்கு உதவுகின்றன, சில 'போதும், நிறுத்து' என்று அடக்குகின்றன. கடைசியாகச் சொன்ன அடக்கும் ரி-கலங்களை நினைவில் வைத்திருங்கள்.

ஒவ்வொரு ரி-கலத்துக்கும் தனக்கென்று அமைந்த அடையாளத்தைத்தான் தெரியும். அந்த அடையாளம் இன்று காலிடுக்கில் வரலாம், நாளை தொண்டையில் வரலாம். ஆகவே அது ஒரு கணுவில் அரை நாளோ ஒரு நாளோ தேடிப் பார்க்கிறது. கிடைக்காவிட்டால் வெளியேறிக் குருதிக்கு வந்து இன்னொரு கணுவுக்குப் போகிறது. ஆயுள் முழுக்க இந்தச் சுற்றுத்தான். 1950களின் பிற்பகுதியில் ஒக்ஸ்போர்ட்டில் ஜேம்ஸ் கவன்ஸ் எலிகளில் இதை நிறுவிக் காட்டும்வரை, நிணநீர்க்குழியங்கள் சீக்கிரம் செத்துப்போகும் அற்ப ஆயுள் கலங்கள் என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

லிம்போமா எங்கே வேறுபடுகிறது?

நெறி கட்டினால் பெரும்பாலும் அது தொற்றுத்தான். சில கிழமையில் வற்றிவிடும். லிம்போமா என்பது நிணநீர்க்குழியமே புற்றாக மாறுவது. காவலாளிகளில் ஒருவரே கெட்டுப்போய்ப் பெருகுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1832இல் லண்டனில் தோமஸ் ஹொட்ஜ்கின் இத்தகைய கணு வீக்கங்களை விவரித்து எழுதினார். அவர் பெயர் ஒரு பிரிவுக்கு நிலைத்தது. மற்றவை எல்லாம் ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமா எனப்படுகின்றன. இரண்டிலும் பெரும்பாலானவை பி-கலங்களில் தொடங்குபவை. தொட்டால் தொற்றாது, கூட இருந்து சாப்பிட்டாலும் தொற்றாது.

மார்பிலோ நுரையீரலிலோ புற்று வந்தால் நிர்ப்பீடனக் கலங்கள் அங்கே வெளியூரிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் உள்ளே நுழைவதே பெரும்பாடு. லிம்போமா அவர்கள் தினமும் வந்து போகிற சொந்த வீட்டுக்குள்ளேயே முளைக்கிறது. பாதையும் படலையும் முன்பே இருக்கின்றன. ஆகவே முதலில் அந்த வழக்கமான பாதையைப் பார்ப்போம். அது தெரிந்தால்தான் புற்று அதில் என்ன தில்லுமுல்லு செய்கிறது என்பது விளங்கும்.

இதுவரை சொன்னது: கணுக்கள் நிணநீர்க்குழியங்கள் கூடும் இடங்கள். அந்தக் கலங்கள் குருதிக்கும் கணுவுக்கும் இடையே ஓயாமல் சுற்றுகின்றன. லிம்போமா அந்தக் கலங்களிலிருந்தே, பெரும்பாலும் அந்த இடத்திலேயே உண்டாகிறது.

ஓடுகிற குருதியிலிருந்து இறங்குவது

நல்லூர்த் தேரன்று வீதியில் நின்றிருக்கிறீர்களா? நின்றிருக்க முடியாது, அதுதான் விஷயம். காலடி மணல் சுடுகிறது, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், கூட்டம் போகிற பக்கம் நீங்களும் போகிறீர்கள். ஓரத்தில் தண்ணீர்ப்பந்தல் இருக்கிறது, அங்கே போக வேண்டும். நேரே பாய்ந்தால் முடியாது. முதலில் ஓரத்துத் தடுப்புக் கம்பியில் கை படுகிறது. பிடிக்கிறீர்கள், கூட்டம் இழுக்கிறது, கை நழுவுகிறது, அடுத்த கம்பியைப் பிடிக்கிறீர்கள். இப்படிப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வரும்போது வேகம் குறைகிறது. அப்போதுதான் பந்தலில் நிற்கும் மைத்துனர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழுகிறது. உடனே இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பற்றிக்கொண்டு நின்று, குனிந்து, இரண்டு கம்பிகளுக்கிடையே உடம்பைச் சரித்து நுழைத்து அந்தப் பக்கம் போய்விடுகிறீர்கள்.

நிணநீர்க்குழியம் கணுவுக்குள் இறங்குவதும் இதே நான்கு படிகளில்தான். கணுவுக்குள் ஓடும் சில சிறுநாளங்களின் உட்சுவர் தனி மாதிரியானது. மற்ற இடங்களில் குருதிக்குழாயின் உட்சுவர்க் கலங்கள் தட்டையாகப் படுத்திருக்கும்; இங்கே அவை பருத்து, குழாயின் உட்புறம் தள்ளிக்கொண்டு நிற்கும். சாயம் ஏற்றிய சீவலில் பார்த்தால் அரிசிமூட்டைகளை வட்டமாக அடுக்கியதுபோல் தெரியும். உயர் சுவர்ச் சிறுநாளம் என்று இதைச் சொல்லலாம். இதுதான் கணுவின் படலை.

முதற்படியில் கை வைப்பது செலக்டின் என்ற புரதம். நிணநீர்க்குழியத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இது, உயர் சுவரில் உள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகளை மெல்லப் பற்றும், உடனே விடும். அதனால் கலம் சுவரோரம் உருண்டு உருண்டு வேகம் குறைகிறது. இரண்டாம் படி அழைப்பு: சுவரின் மேல் ஒட்டியிருக்கும் கீமோகைன் என்ற சிறு புரதங்களை உருளும் கலம் தொட்டு உணர்கிறது. மூன்றாம் படியில் இன்டெகிரின் என்ற கொக்கிகள் வேலை செய்கின்றன. அவை அதுவரை மடங்கிக் கிடப்பவை. அழைப்புக் கிடைத்ததும் நிமிர்ந்து சுவரை இறுக்கிப் பற்றுகின்றன, கலம் நின்றுவிடுகிறது. நான்காவது, தன் உருவத்தை நெளித்துச் சுவரைத் தாண்டி உள்ளே நுழைவது.

இந்த நான்கில் ஒன்று பிசகினாலும் கலம் குருதியோடு அடித்துச் செல்லப்படும். கம்பியில் கை பட்டும் யாரும் கூப்பிடாவிட்டால் நிற்கக் காரணமில்லை. கூப்பிட்டும் பிடிப்பு இறுகாவிட்டால் நிற்க வழியில்லை. எத்தனை கலம் குருதியில் ஓடுகிறது என்பது இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குருதி அறிக்கையை நீட்டி 'வெள்ளைக் கலம் கூடியிருக்கிறது, நல்லதுதானே' என்று கேட்பவர்களுக்கும் இதோடு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். உடம்பிலுள்ள நிணநீர்க்குழியங்களில் ஒரு நேரத்தில் குருதியில் ஓடுபவை நூற்றுக்கு இரண்டளவுதான். மிச்சமெல்லாம் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடலிலும் என்பு மச்சையிலும் இருக்கின்றன. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிங்கோலிமொட் என்ற மருந்து, கணுவிலிருந்து கலங்கள் வெளியேறும் வாசலை அடைக்கிறது. அதை எடுப்பவரின் குருதி அறிக்கையில் எண்ணிக்கை சரிந்துவிடும். கலங்கள் செத்துப்போகவில்லை, உள்ளே இருக்கின்றன. பஸ் நிலையத்தில் நின்று ஆட்களை எண்ணி ஊரின் சனத்தொகையைச் சொல்ல முடியாது.

மணத்தைப் பிடித்துப் போவது

படலைக்குள் வந்தாகிவிட்டது. இனி எங்கே போவது? இங்கேதான் கீமோகைன்களின் முழுத் திறமையும் வெளிப்படுகிறது.

நம் ஒழுங்கைகள் வெளியூரவர்களைச் சுற்ற வைப்பவை. இரு பக்கமும் வேலி, எல்லாப் படலையும் ஒன்றுபோல. ஆனால் பனங்காய்க் காலத்தில் யார் வீட்டில் பணியாரம் சுடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. மூக்கு போதும். மணம் மெல்லியதாக இருக்கும் முனையிலிருந்து அடர்த்தியாகும் பக்கம் நடந்தால் அடுப்படியில் போய் நிற்பீர்கள். வழியில் திரும்பி நடந்தால் மணம் குறையும், பிழையென்று தெரிந்துவிடும்.

கீமோகைனும் அப்படித்தான். ஓரிடத்தில் சுரந்து, சுற்றியுள்ள இழையத்தில் பரவி ஒட்டி, தூரம் போகப்போக அடர்த்தி குறைகிறது. கலம் அடர்த்தி கூடும் பக்கம் ஊர்ந்து போகிறது. மனித உடம்பில் ஏறத்தாழ ஐம்பது கீமோகைன்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றை உணரக் கலத்தின் மேல் உள்ள புரதங்கள் வாங்கிகள். அவை இருபதளவு.

வாங்கி இருக்கிற கலத்துக்குத்தான் மணம் தெரியும். எனக்குப் பணியாரம் மணக்கிறது, உங்களுக்கு மீன் பொரிப்பது மட்டும்தான் மணக்கிறது என்றால் இருவரும் ஒரே ஒழுங்கையில் நடந்தாலும் வெவ்வேறு வீட்டுக்குப் போவோம். கணுவுக்குள் பி-கலங்கள் ஓரப் பகுதியில் உருண்டை உருண்டையாகக் கூடுவதும், ரி-கலங்கள் அதற்கு உட்புறப் பகுதியில் கூடுவதும் இதனால்தான். ஒரே படலையால் வந்தவர்கள், வாங்கியின்படி பிரிந்து போகிறார்கள். கிருமியைக் கண்ட கலம் தன் வாங்கிகளை மாற்றிக்கொள்வதும் உண்டு. அதன் பிறகு அதன் மூக்கு வேறு, போகிற இடம் வேறு.

சுருக்கமாக: உள்ளே வர நான்கு படிகள். வந்த பிறகு இடத்தைத் தீர்மானிப்பவை கீமோகைனும் வாங்கியும். யார் எந்த மணத்தைச் சுரக்கிறார்களோ, அவர்கள்தான் விருந்தினர் பட்டியலை எழுதுகிறார்கள்.

கள்ளன் வைத்த விருந்து

இனி ஹொட்ஜ்கின் கட்டிக்கு வருவோம். சீவலுக்கு நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி, குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கிறீர்கள். எங்கும் நீலப் புள்ளிகள்: சிறிய நிணநீர்க்குழியங்கள். இடையிடையே செம்மஞ்சள் மணிகள் நிறைந்த இயோசின்நாடிகள். ஒவ்வாமையிலும் பூச்சித் தொல்லையிலும் கூடும் வெண்குழியங்கள் அவை. ஆங்காங்கே, செத்த கலங்களை விழுங்கும் பெருந்தின்கலங்கள். புற்று எங்கே? தேட வேண்டும். சீவலை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் பெரிய கலம் ஒன்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு கருக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் தடித்த சிவந்த புள்ளி, சுற்றிலும் வெளிர் வளையம். ஆந்தைக் கண் என்பார்கள். முதன்முதலில் அதைப் பார்த்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கார்ல் ஸ்டேர்ன்பேர்க் 1898இலும் டொரொதி றீட் 1902இலும் விவரித்ததால் றீட்-ஸ்டேர்ன்பேர்க் கலம் என்று அதற்குப் பெயர். கெட்டுப்போன பி-கலம் அது. கட்டியின் கலங்களில் அதன் பங்கு பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான். ஆளுக்கு ஆள் கூடிக் குறையும்.

மாமியின் மகன் கழுத்தில் தடவிப் பார்த்த அந்த வீக்கத்தில் பெரும்பகுதி அவருடைய சொந்த நிர்ப்பீடனக் கலங்கள். அவற்றைக் கூப்பிட்டது றீட்-ஸ்டேர்ன்பேர்க் கலம். அது கீமோகைன்களை ஓயாமல் சுரக்கிறது. அவற்றில் ஒன்று சிசிஎல்17. சாதாரணமாகத் தோலில் கரப்பான் போன்ற ஒவ்வாமைகளில் ரி-கலங்களை வரவழைப்பதும் இதே கீமோகைன்தான். ஹொட்ஜ்கின் நோயாளர் பெரும்பாலானோரின் குருதியில் இது உயர்ந்திருக்கும். சிகிச்சை பலித்தால் இறங்கும். அவ்வளவு தாராளமாகச் சுரக்கிறது.

ஏன் இந்தத் தாராளம்? விருந்தினர் பட்டியலைப் பாருங்கள். சிசிஎல்17க்கான வாங்கி உதவும் ரி-கலங்கள் சிலவற்றிலும் அடக்கும் ரி-கலங்களிலும் உண்டு. கொல்லும் ரி-கலங்கள் பெரும்பாலும் வேறு வாங்கிகளை நம்பி நடப்பவை. ஆகவே இந்த மணத்துக்கு வருபவர்கள் எல்லோரும் சண்டைக்காரர்கள் அல்லர். அடக்குபவர்கள் வந்து 'போதும், நிறுத்து' என்கிறார்கள். உதவுபவர்கள் புற்றுக் கலத்தைப் பூவிதழ்போலச் சூழ்ந்து நின்று அது வாழ உதவும் சமிக்ஞைகளைக் கொடுக்கிறார்கள். பொலிஸ்காரரைப் பந்தியில் உட்காரவைத்து, அவர் பக்கத்தில் தானும் உட்கார்ந்திருக்கும் கள்ளனை எப்படிப் பிடிப்பது?

தப்பித்தவறி வந்துவிடும் கொல்லும் கலங்களுக்கு இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கலமும் தனக்குள் என்ன நடக்கிறது என்பதற்கான துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஒரு தட்டில் வைத்துக் காட்டும். கொல்லும் ரி-கலம் அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும். றீட்-ஸ்டேர்ன்பேர்க் கலம் பல வேளைகளில் அந்தத் தட்டையே எடுத்து உள்ளே வைத்துவிடுகிறது. இரண்டாவது, ரி-கலங்களின் மேல் பிடி-1 என்ற ஒரு தடுப்பு உண்டு. எதிரே நிற்கும் கலத்திலுள்ள பிடி-எல்1 அதை அழுத்தினால் ரி-கலம் தளர்ந்துவிடும். சண்டை எல்லை மீறாதிருக்க உடம்பே வைத்த தடுப்பு அது. ஹொட்ஜ்கின் லிம்போமாவில் ஏறக்குறைய எல்லோரிலும், ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) பிடி-எல்1 பரம்பரையலகு (ஜீன்) இருக்கும் பகுதி மாற்றமடைந்து, பெரும்பாலும் கூடுதல் பிரதிகளாக இருக்கிறது. ஆகவே கள்ளனின் கை எப்போதும் தடுப்பின் மேலேயே இருக்கிறது.

இப்போது பச்சைத் தூளை நினைத்துப் பாருங்கள். அது விளம்பரம் சொல்வதுபோல் நிர்ப்பீடனக் கலங்களைக் கூட்டிவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். கூடிய கலங்கள் எந்த மணத்துக்குப் போகும்? போய் யார் பக்கத்தில் உட்காரும்?

எல்லா லிம்போமாவும் ஒரு மாதிரி இல்லை

ஹொட்ஜ்கினில் பார்த்ததை மற்றவற்றுக்கு அப்படியே ஒட்டிவிடக் கூடாது.

ஹொட்ஜ்கின் அல்லாதவற்றில் அதிகம் காணப்படுவது பரவிய பெரு பி-கல லிம்போமா. வேகமாக வளர்வது. இங்கே சீவலை நிறைப்பது புற்றுக் கலங்களே. கணுவின் ஓரம், நடு என்ற ஒழுங்கு அழிந்துபோய், வெறும் விரிப்பாகக் கிடக்கும். சிலரில் ரி-கலங்கள் கணிசமாக நுழைந்திருக்கும், சிலரில் அருகிலேயே காணோம். ஆராய்ச்சியாளர்கள் முதலாவதைச் சூடான கட்டி என்றும் இரண்டாவதைக் குளிர்ந்த கட்டி என்றும் சொல்வார்கள்; உடற்சூட்டோடு இதற்குச் சம்பந்தமில்லை. அடையாளத் தட்டை ஒளித்துவைக்கும் வேலை இங்கும் பலரில் நடக்கிறது.

நுண்புடைப்பு லிம்போமா மெதுவானது. பி-கலங்கள் கூடும் உருண்டைகளின் ஒழுங்கை அது குலைப்பதில்லை. போலியாகத் திருப்பிக் கட்டுகிறது. வழக்கமாக அந்த உருண்டைக்குள் வந்து பி-கலங்களுக்கு உதவும் ரி-கலங்கள் இங்கும் வந்து, வழக்கம்போல் உதவுகின்றன. உதவி பெறுவது புற்று என்பது அவற்றுக்குத் தெரியாது. 2004இல் 191 நோயாளரின் கணுத் துண்டுகளை வைத்து நடந்த ஆய்வொன்று இந்தத் துறையின் பார்வையையே மாற்றியது. நோயறியும்போது எடுத்த துண்டில், புற்றல்லாத நிர்ப்பீடனக் கலங்களின் பரம்பரையலகுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்த்தே, யார் நீண்ட காலம் வாழ்வார் என்பதைக் கணிக்க முடிந்தது. ஒரு மாதிரிக் கூட்டம் இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். இன்னொரு மாதிரிக் கூட்டம் இருந்தவர்கள் அவ்வளவு நன்றாக இல்லை. கூட்டம் இரண்டிலும் இருந்தது.

பேர்கிட் லிம்போமா மிக வேகமாகப் பெருகும், அதே வேகத்தில் கலங்கள் செத்தும் விழும். செத்தவற்றை விழுங்கும் பெருந்தின்கலங்கள் நீலப் பரப்பில் வெளிர் புள்ளிகளாகத் தெரியும். விண்மீன் நிறைந்த வானம் என்று அந்தத் தோற்றத்துக்குப் பெயர். அழகான பெயர், பொல்லாத நோய்.

மருந்துகள் எந்தப் படியில் கைவைக்கின்றன?

வழக்கமான மருந்தேற்றம் பெருகும் கலங்களை நேரே தாக்குகிறது. ஹொட்ஜ்கின் லிம்போமாவில் பெரும்பாலானோர் இதனாலேயே, தேவையானால் கதிர் சிகிச்சையும் சேர்ந்து, குணமாகிறார்கள். தெல்லிப்பழைக்குக் கிளினிக் போய்வரும் மாமியின் மகனுக்கும் அதுதான் நடக்கிறது. கீழே வருபவை அந்தப் பாதையில் சரிவராதவர்களுக்காகப் பெரும்பாலும் தொடங்கியவை.

நிவோலுமாப் என்ற மருந்து பிடி-1ஐ மூடிவிடுகிறது. கள்ளனின் கைக்குத் தடுப்பு எட்டாது. 2015இல் வெளியான முதல் பரிசோதனையில், பல சிகிச்சைகள் பலிக்காத 23 ஹொட்ஜ்கின் நோயாளரில் 20 பேருக்குக் கட்டி சுருங்கியது. பிடி-1ஐ 1992இல் கண்டறிந்த தசுக்கு ஹொஞ்சோவுக்கு, ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து 2018இல் நொபெல் பரிசு கிடைத்தது. ஆள் முன்பே கட்டிக்குள் இருந்ததால்தான் தடுப்பை எடுத்ததும் இவ்வளவு பலன். பரவிய பெரு பி-கல லிம்போமாவில் இதே மருந்து தனியாகக் கொடுத்தபோது மிகச் சிலருக்கே உதவியது. அங்கே நோயின் கதை வேறு.

இன்னொரு வழி, இருகைப் பிறபொருளெதிரிகள். சாதாரணப் பிறபொருளெதிரியின் இரு கைகளும் ஒரே பொருளைப் பிடிப்பவை. இவற்றின் ஒரு கை பி-கலத்தை, மற்றக் கை ரி-கலத்தைப் பிடிக்கிறது. தட்டை ஒளித்துவைத்தாலும் பயனில்லை. இருவரையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தியாகிவிட்டது. ஆனால் இழுக்க ஒரு ரி-கலமாவது கிட்ட இருக்க வேண்டும்.

மூன்றாவது, கார்-ரி கலச் சிகிச்சை. நோயாளியின் ரி-கலங்களை எடுத்து, புற்றுக் கலத்தை இனங்காணும் செயற்கை வாங்கியொன்றை அவற்றில் பொருத்தித் திருப்பி ஏற்றுவார்கள். பெரு பி-கல லிம்போமாவுக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கையில் ஊசியால் ஏற்றிய அந்தக் கலங்களும் குருதியோடு ஓடி, சுவரோரம் உருண்டு, நின்று, நெளிந்து, கட்டிக்குள் நுழைந்தாக வேண்டும். ஆய்வுகூடத்தில் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் நல்லூர் வீதியின் கம்பியை அவற்றாலும் தவிர்க்க முடியாது.

தொகுத்தால்: ஒன்று தடுப்பை எடுக்கிறது, ஒன்று இரு கலங்களைக் கோத்துவிடுகிறது, ஒன்று புதிய கலங்களை அனுப்புகிறது. எந்தக் கட்டிக்கு எது என்பது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதோடு பிணைந்திருக்கிறது. வெட்டியெடுத்த துண்டை இவ்வளவு கவனமாகப் பார்ப்பது இதற்காகவும்தான்.

ஸ்கானில் பெருத்துத் தெரிந்தால்

நிர்ப்பீடனக் கலங்களைத் தூண்டும் மருந்துகளில் குழப்பமான ஒரு காட்சி சிலவேளை வரும். மருந்து தொடங்கிச் சில கிழமையில் எடுத்த ஸ்கானில் கட்டி முன்பைவிடப் பெருத்திருக்கும். புற்று வளர்ந்திருக்கலாம். அல்லது புதிதாக நுழைந்த கலங்களால் கட்டி ஊதியிருக்கலாம். பெட் ஸ்கான் சர்க்கரையை அதிகம் விழுங்கும் இடங்களைத்தான் ஒளிரவைத்துக் காட்டுகிறது. புற்றுக் கலமும் சர்க்கரை விழுங்கும், வேலையில் மும்முரமாக இருக்கும் நிர்ப்பீடனக் கலமும் விழுங்கும். இரண்டையும் படம் பிரித்துச் சொல்லாது. அதனால் 2016இல் லிம்போமா வைத்தியர்கள் 'இப்போது சொல்ல முடியாது' என்றே ஒரு வகையை முறைப்படி சேர்த்தார்கள். அப்படிப்பட்டவருக்கு மீண்டும் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது பன்னிரண்டு கிழமைக்குள் மறுபடியும் ஸ்கான் எடுப்பார்கள்.

இவ்வளவையும் தவணை தவணையாகக் கேட்டு முடித்த மாமி, கடைசியில் அந்தப் போத்தலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "அப்படியானால் இதை என்ன செய்வது?" என்றார். கிளினிக்கில் காட்டிக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்றேன். சில மூலிகைத் தூள்கள் ஈரலில் மருந்தின் கணக்கைக் குழப்பிவிடும். அடுத்த திகதிக்குப் போகும்போது போத்தலையும் பையில் வைத்துக் கொண்டுபோனார்கள். முருங்கையிலை அன்றே பருப்போடு சுண்டலாகிவிட்டது. அதில் எனக்கும் ஒரு பங்கு வந்தது.